காவாங்கரைத் தம்பிக்கு: அந்த 20,000-ஐக் கொடுக்காதீங்க

தம்பி, காவாங்கரை இலங்கை அகதி முகாம்ல இருந்து எழுதியிருந்தீங்க: இலங்கையில இந்தியா கட்டித்தர்ற வீட்டுத்திட்டத்துல அம்மா பேரைச் சேர்க்க ஒருத்தர் 20,000 ரூபாய் கேட்கிறார்னு. ஒரு பைசா கொடுக்காதீங்க.

அந்தத் திட்டம் இந்தியா, இலங்கைன்னு ரெண்டு அரசுகளுக்கு நடுவுல போட்ட ஒப்பந்தம். போருக்கு அப்புறம் 50,000 வீடுன்னு 2010-ல அறிவிச்சாங்க. இலங்கையோட வடக்கு, கிழக்குல பெரிய கட்டம் 2012 அக்டோபர் 2-ல தொடங்குச்சு. கடன் இல்ல, மானியம். புது வீட்டுக்கு இலங்கைப் பணத்துல 5,50,000 ரூபாய், வேலை நடக்க நடக்கத் தவணையா நேரா குடும்பத்தோட வங்கிக் கணக்குக்குப் போச்சு. ஜனங்க தாங்களே நின்னு கட்டினாங்க. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான். நடுவுல தரகருக்கு இடமே இல்ல. வடக்கு, கிழக்கு வீடுகள் எப்பவோ முடிஞ்சாச்சு. இப்ப எந்தப் பட்டியல்ல சேர்ப்பாராம்?

அம்மாகிட்ட கிளிநொச்சிக் காணியோட (நிலத்தோட) உறுதியோ, அதாவது பத்திரமோ, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமோ இருக்கான்னு முதல்ல பாருங்க. செங்குன்றத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா அதை அரிசி டப்பாவுக்குள்ள பாலித்தீன் கவர்ல சுத்தி வச்சிருந்தாங்க, மடிப்புல எழுத்தே அழிஞ்சுபோச்சு. உடனே நகல் எடுத்துடுங்க. இப்ப ஏதாவது வீட்டுத்திட்டம் இருக்கான்னு காணி இருக்கிற பகுதியோட அரசு அலுவலகமான பிரதேச செயலகத்துல, அங்க இருக்கிற சொந்தக்காரங்களை விட்டு விசாரிக்கச் சொல்லுங்க.

நீங்க இங்கே இந்தியாவுலயே பிறந்தவர்னா, சென்னை நுங்கம்பாக்கத்துல இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துல பிறப்புப் பதிவும் இலங்கைக் குடியுரிமையும் எடுக்கணும். ஊர் திரும்புறதா இருந்தா அந்த வேலையை இந்த வாரமே ஆரம்பிங்க.