சுமை ஏறுதா எறங்குதா? மலையில பிக்கப் வாங்க டீசலா பெட்ரோலா, கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கமுங்க. குன்னூர்ல ஒர்க்‌ஷாப் வெச்சு 26 வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளக்கெழங்கு லோடு அடிச்சிட்டிருந்தேன். புது பிக்கப் எடுக்கறவங்க டீசலா பெட்ரோலான்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, இன்னைக்கு ஞாயித்துக்கெழம, மழையும் விடற மாதிரி தெரியல, ஒக்காந்து ஒவ்வொண்ணா சொல்லிடறேன். ஒரே கண்டிஷன், ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர், எவ்ளோ எடை, அந்த எடை மேல ஏறுதா கீழ எறங்குதா, இந்த மூணும் சொல்லிட்டு கேளுங்க. எந்த வண்டி மைலேஜ் தரும்னு மொட்டையா கேட்டா நானும் வாய்க்கு வந்தத தான் சொல்வேன்.

கேத்தி பாலாடா, கேரட் விவசாயி: அண்ணா, கேரட் கழுவி மூட்ட போட்டு வாரத்துக்கு நாலு நாள் மேட்டுப்பாளையம் எறக்கணும், ஒரு டன்னுக்கு மேல வரும். மலைன்னா டீசல் தான் இழுக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, சரியா?

பதில்: இழுக்கும் தம்பி, ஆனா ஒன் லோடு எங்க ஏறுது சொல்லு? மூட்ட அத்தனையும் கீழ எறங்குது, திரும்பி வரும்போது வண்டி காலி, மிஞ்சிப்போனா நாலு மூட்ட உரம். நம்ம நீலகிரி காய்கறிக்காரங்க எல்லாருக்கும் இதே கதை தான், இழுவைய பத்தியே பேசுவாங்க, பிரேக் புடிக்கறத பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். ஒனக்கு டீசல் தான் சரி, ஆனா அதுக்கு காரணம் வேற. ஒண்ணு, ஒரு டன்னுக்கு மேலன்னா பெட்ரோல்ல ஒனக்கு பாக்கறதுக்கே வண்டி கம்மி, பொலீரோ பிக்கப், யோதா, தோஸ்த் மாதிரி டீசல் பக்கம் தான் வரணும். ரெண்டு, போக வர தொண்ணூறு கிலோமீட்டர் பக்கம் ஓடுது, அதுல பாதி ஏத்தம், இஞ்சின் நல்லா சூடாவும், பிஎஸ்6 (புது புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வர்ற) டீசலுக்கு அந்த சூடு தான் மருந்து (ஏன்னு கீழ சொல்றேன்).

எறக்கத்துக்கு மட்டும் ஒண்ணு கேட்டுக்கோ. குன்னூர் தாண்டினதுமே ரெண்டாவது கியர்ல போட்டுடு, கீழ சேர்ற வரைக்கும் மாத்தாத, இஞ்சினே வண்டிய புடிச்சுக்கும், பின்னாடி காரு ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். பர்லியாறு வர்றதுக்குள்ள பிரேக் லைனிங் கருகுற வாடை வந்துச்சுன்னா வண்டில தப்பில்ல, ஒன் கால்ல தான் தப்பு.

கோத்தகிரி, மளிகைக்கடை: சார் நமக்கு நேர் எதிர். மேட்டுப்பாளையத்துலருந்து வாரம் ரெண்டு தடவ அரை டன் சரக்கு மேல ஏத்தணும். அப்ப கண்டிப்பா டீசல் தானே?

பதில்: அப்படித்தான் தோணும், ஆனா கணக்கு போட்டு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சின்ன வண்டிலயே டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு லட்சம் வித்தியாசம்னு வெச்சுக்குவோம், ஷோரூம்ல கேட்டு சரியான தொகைய நீங்க போட்டுக்குங்க. மலை ரோட்ல பெட்ரோல் லிட்டருக்கு 12 குடுத்தா, லிட்டர் 102 ரூபான்னா, கிலோமீட்டருக்கு 8.50. டீசல் 15 குடுத்தா, 93 ரூபான்னா, 6.20. மிச்சம் 2.30. ஒரு லட்சத்த 2.30ஆல வகுத்தா நாப்பத்து மூவாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் ஓடுனா தான் நீங்க கூட குடுத்த காசே திரும்ப வரும். ஒங்களுக்கு வாரம் ரெண்டு ட்ரிப்னா வருஷத்துக்கு ஏழாயிரம் ஓடுமா? ஆறு வருஷம் ஆயிடும். அதுக்குள்ள ஒரு இன்ஜெக்டரோ (இஞ்சினுக்குள்ள டீசல பீச்சறது) டர்போவோ (காத்த அமுக்கி குடுக்கறது) கைய வெச்சா போட்ட கணக்கே போச்சு. அரை டன் தானே, பெட்ரோல் மினி டிரக்கே எடுங்க, கொண்டை ஊசில ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெதுவா முனகிட்டே ஏறும், அரிசி மூட்டைக்கு என்ன அவசரம்.

ஒரு காலத்துல டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் எங்கயோ இருந்துச்சு, அப்ப கண்ண மூடிட்டு டீசல் எடுக்கலாம். 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்ட எடுத்தப்புறம் அந்த காலம் முடிஞ்சுது, இப்ப லிட்டருக்கு எட்டு ஒம்பது ரூபா தான் நிக்குது. நம்ம பெரியவங்க இன்னும் பழைய கணக்குலயே பேசறாங்க.

கோத்தகிரி பக்கம் ஹட்டி, சிறு தேயிலை விவசாயி: அண்ணா, பச்ச இலை தோட்டத்துலருந்து ஃபேக்டரிக்கு, ஆறு கிலோமீட்டர் தான், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. புது டீசல் பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன்.

பதில்: வேண்டாம்மா. இத நான் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா இந்த தப்ப தான் நம்ம ஊர்ல அதிகம் பண்றாங்க.

2020 ஏப்ரல்லருந்து வர்ற பிஎஸ்6 டீசல் வண்டி சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, கரியெல்லாம் அதுல புடிச்சுக்கும். புடிச்ச கரிய வண்டி தானாவே எரிச்சு சுத்தம் பண்ணிக்கணும், அதுக்கு அந்த ஃபில்டர் அறுநூறு டிகிரி கிட்ட சூடாகணும். ஆறு கிலோமீட்டர் போயி, ஃபேக்டரில எடை போட லைன்ல நின்னு, ஆஃப் பண்ணி, திரும்ப ஸ்டார்ட் பண்ணி வந்தா சைலன்சர் கை வெக்கற சூட்டுக்கு மேல எங்க போவும்? கரி சேந்துட்டே போகும்.

போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் கொண்டாந்தாரு, பேரு வேண்டாம். மீட்டர்ல ஆரஞ்சு லைட் மூணு மாசமா எரியுது, அவரு அது மேல ஸ்டிக்கர் ஒட்டி மறச்சு வெச்சிருந்தாரு (சத்தியமா, சாமி ஸ்டிக்கர்). கடைசில வண்டி இருவது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகவே மாட்டேங்குது. நான் மொதல்ல லைட்ட பாக்கல, ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க உருவுனேன். ஆயில் மேல் கோட்ட தாண்டி ஒரு விரக்கடை நிக்குது, மோந்து பாத்தா டீசல் வாடை. புதுசா எவனும் ஆயில் ஊத்தல. கரிய எரிக்க வண்டி டீசல அதிகமா பீச்சி பீச்சி பாத்திருக்கு, சூடு ஏறாம பாதிலயே ஆஃப் பண்ணிருக்காரு, அந்த டீசல் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல எறங்கிடுச்சு. ஆயில் தண்ணியா போச்சுன்னா பேரிங் என்னாவும்னு நான் சொல்ல வேண்டாம். ஆயில் கொறஞ்சா பயப்படுவோம், டீசல் வண்டில ஆயில் ஏறுனா தான் இன்னும் பயப்படணும்.

ஒங்களுக்கு பெட்ரோல் தான்மா. இல்ல ஏற்கெனவே டீசல் வாங்கியாச்சுன்னா வாரம் ஒரு தடவ மேட்டுப்பாளையம் எறங்கி காரமடை ரோட்ல ஒரே சீரா இருவது நிமிஷம் வெரட்டிட்டு வரணும். அந்த டீசல் காசுக்கு என்ன கணக்கு.

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்: கோயம்புத்தூர்ல ஓட்டி பாத்தப்ப பெட்ரோல் வண்டி நல்லா இழுத்துச்சு, இங்க வந்ததும் சோந்து போச்சு. ஏமாத்திட்டாங்களா?

பதில்: யாரும் ஏமாத்தல, காத்து தான் இல்ல. ஊட்டி 2,240 மீட்டர், இங்க காத்து கீழ இருக்கறத விட இருவது சதம் கிட்ட மெலிசு. டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் உறிஞ்சற காத்து கொறஞ்சா பவரும் அதே அளவு கொறையும். டீசல் பிக்கப்ல பெரும்பாலும் டர்போ இருக்கறதால அது வேகமா சுத்தி காத்த அமுக்கி குடுத்துடும். மலைக்கு டீசல்ங்கற பேச்சுல பாதி உண்மை இந்த டர்போ தான். அதனால ஊட்டில இருக்கறவங்க டெஸ்ட் டிரைவ கீழ பண்ணாதீங்க, தொட்டபெட்டா ஏத்தத்துல ஆள ஏத்திட்டு பண்ணுங்க.

அருவங்காடு: எறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்ங்கறாரு எங்க டிரைவர்.

பதில்: அவரு கைல சாவி குடுக்காதீங்க. இப்ப வர்ற வண்டில கியர்ல இருந்து ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தா இன்ஜெக்டர் டீசல் விடறதையே நிறுத்திடும். நியூட்ரல் போட்டா தான் இஞ்சின் ஆஃப் ஆகாம இருக்க டீசல் குடிக்கும். பெட்ரோலும் அப்படித்தான். காசும் போச்சு, பிரேக்கும் போச்சு.

வெலிங்டன்: என் அக்கா பையன் டெக்சாஸ்ல இருக்கான், பிக்கப்புக்கு கேஸ் இஞ்சின் தான் பெஸ்ட், டீசல் தலவலிங்கறான். நாம சிஎன்ஜி எடுக்கணுமா?

பதில்: ஹாஹா, அவங்க ஊர்ல கேஸ்னா பெட்ரோலுங்க! சிலிண்டர் இல்ல. அவன் சொல்றதும் அவன் ஊருக்கு சரிதான், அங்க பெரும்பாலும் டீசல் தான் பெட்ரோல விட விலை ஜாஸ்தி, வண்டியும் நம்ம மாதிரி 700 சிசி இல்ல. ஃபோர்டு எஃப்-150ல டீசலையே 2021ல நிறுத்திட்டாங்க, பெரிய சூப்பர் டியூட்டில மட்டும் 6.7 லிட்டர் டீசல் வெச்சிருக்காங்க, வீடு மாதிரி ட்ரெய்லர கட்டி இழுக்கறவனுக்கு. பாத்தீங்களா, அங்கயும் இதே கதை தான், லோடு இருந்தா டீசல், இல்லேன்னா பெட்ரோல்.

சிஎன்ஜி பத்தி கேட்டதால சொல்றேன், கிலோமீட்டர் செலவு கம்மி தான், ஆனா கேஸ்ல ஓடும்போது பவர் பத்து சதமாவது கொறையும், மேல மெலிசு காத்து வேற, ரெண்டும் சேந்து வண்டி அழுவும். சிலிண்டர் எடை ஒங்க லோடுல கழியும், மூணு வருஷத்துக்கு ஒருக்கா சிலிண்டர் டெஸ்ட் வேற. தினமும் போற வழில பங்க் இருக்கறவங்களுக்கு, சமதளத்துல அதிகம் ஓட்டறவங்களுக்கு ஓகே. வெலிங்டன்லருந்து குன்னூர் மார்க்கெட் வரைக்கும் போறதுக்கு எதுக்கு.

பூம்பாறை, பூண்டு விவசாயி: அண்ணே நாங்க கொடைக்கானல் பக்கம், கேக்கலாமா? சீசன்ல மட்டும் வடுகபட்டிக்கு பூண்டு எறக்கணும், மத்த மாசம் வண்டி சும்மா தான் நிக்கும்.

பதில்: தாராளமா கேளுங்க, மலை எல்லாம் ஒண்ணு தான். எட்டு மாசம் நிக்கற வண்டிக்கு ஏன் லட்சம் கூட போடறீங்க? சீசனுக்கு ஒரு டீசல் பிக்கப்ப வாடகைக்கு எடுங்க, சொந்தமா வேணும்னா சின்ன பெட்ரோல். ஒண்ணு, இப்ப பெட்ரோல்ல இருவது சதம் எத்தனால் கலக்கறாங்க, அது தண்ணிய இழுக்கும், ஒங்க ஊரு பனி மூட்டத்துல பாதி டேங்க்கோட மாசக்கணக்குல நிறுத்தாதீங்க, வாரம் ஒருக்கா கொஞ்ச தூரம் ஓட்டுங்க. மைலேஜும் எத்தனாலால கொஞ்சம் கொறையத்தான் செய்யும், மெக்கானிக்க திட்டாதீங்க.

எமரால்டு: ஜனவரி உறைபனில டீசல் ஸ்டார்ட் ஆகுமா? ஆட்புளூ ஒறஞ்சு போயிடாதா?

பதில்: ஆட்புளூ (டீசல் புகைய சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்தறது) மைனஸ் 11 டிகிரில தான் ஒறையும், அவலாஞ்சில கூட அந்த அளவுக்கு போகாது. டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கெடையாது, காத்த அமுக்கற சூட்டுல தான் பத்தணும், அதனால காலைல சாவிய பாதி திருப்பி அந்த சுருள் கம்பி மாதிரி லைட்டு அணையற வரைக்கும் பொறுங்க. பேட்டரி நாலு வருஷம் ஆயிருந்தா டிசம்பருக்கு முன்னாடியே மாத்திடுங்க.

குன்னூர் பெட்போர்டு: டெல்லில டீசல் வண்டிய பத்து வருஷம் தான் ஓட்டலாமாமே?

பதில்: அது டெல்லி சுத்துவட்டாரத்துக்கு. நமக்கு எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) தான், மொத எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம்.

காட்டேரி: அண்ணா அவசரம், போன வாரம் எடுத்த டீசல் பிக்கப்ல பங்க் பையன் பெட்ரோல் போட்டுட்டான், இருவது லிட்டர் ஏறிடுச்சு, இன்னும் ஸ்டார்ட் பண்ணல, மெதுவா ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிட்டு வந்துடவா?

பதில்: தொடாத! சாவியவே திருப்பாத, திருப்புனாலே டேங்க் பம்ப் ஓட ஆரம்பிச்சிடும். டீசல்ல இருக்கற வழவழப்புல தான் இன்ஜெக்டருக்கு டீசல அழுத்தி அனுப்பற பெரிய பம்ப் உயிர் வாழுது, பெட்ரோல் போனா இரும்பு தேஞ்சு தூளு அத்தனையும் இன்ஜெக்டருக்குள்ள போயிடும், அப்புறம் நீ அழுதாலும் நான் அழுதாலும் ஒண்ணும் ஆகாது. நியூட்ரல்ல தள்ளி ஓரமா நிறுத்து, அப்புறம் சாவிய உருவி பாக்கெட்ல போடு, பங்க்காரங்க கிட்ட பில்ல வாங்கி வெச்சுக்கோ. டேங்க்க எறக்கி காலி பண்ணணும். மத்தவங்க மன்னிச்சுக்கங்க, மிச்ச கேள்விய ராத்திரி பாக்கறேன். தம்பி எந்த பங்க், பாலத்துக்கு இந்த பக்கமா அந்த பக்கமா?