களையைப் பார்க்கிற கேமரா ஆளையும் பார்க்குமே!

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மகள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

அவளுக்குக் கிடைத்திருக்கும் பிஎச்.டி. இடம், பயிருக்கு நடுவே களையை மட்டும் அடையாளம் கண்டு ட்ரோன் மருந்தடிக்கும்படி கேமராவைப் பழக்கும் ஆராய்ச்சி. செல்போனில் ஒரு படம் காட்டினாள். நிலக்கடலைச் செடிகளுக்கிடையே கோரைப்புல். கோரையைச் சுற்றி மட்டும் சிவப்புக் கட்டம். "இந்தக் கட்டம் நாளைக்குப் போர்ல ஒரு ஆளைச் சுத்தியும் விழும் சார். அப்போ நான் என்ன பண்றது?" என்றாள். நீங்கள் பதறிப்போய், "இப்படியே யோசிச்சா எந்த வேலைக்குத்தான் போவா?" என்றீர்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் சாக்குச் சொல்லவில்லை அம்மா. சம்பளம் எவ்வளவு, வெளிநாடு போகலாமா என்று கேட்கும் பிள்ளைகள் தினமும் வருகிறார்கள். இதைக் கேட்கும் பிள்ளை எப்போதாவதுதான் வருகிறது.

ஆர்தர் கால்ஸ்டன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளரைப் பற்றி அன்றே சொல்ல நினைத்தேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, சோயா சீக்கிரம் பூக்க வழி தேடினார். ஒரு வேதிப்பொருளைக் கொஞ்சமாகக் கொடுத்தால் செடி நன்றாகப் பூத்தது. அளவு கூடினால் இலை உதிர்ந்தது. இரண்டையும் கண்டு 1943-ல் பட்டம் வாங்கினார். பிற்பாடு ராணுவ ஆய்வாளர்களுக்குப் பூவில் அக்கறையில்லை, இலை உதிர்வதுதான் கண்ணில் பட்டது. 1962 முதல் 1971 வரை வியட்நாமின் காட்டிலும் வயலிலும் அமெரிக்க விமானங்கள் இலையுதிர்ப்பு மருந்தைக் கொட்டின. அவற்றில் பேர்போனது ஏஜென்ட் ஆரஞ்சு. அதில் இருந்தது கால்ஸ்டன் சோதித்த பொருளே இல்லை. நம் நாட்டில் நெல் வயலுக்கு இன்றும் அடிக்கிற 2,4-டி என்ற களைக்கொல்லியும், அதற்கு நெருங்கிய இன்னொன்றும் கலந்தது. அந்த இன்னொன்றில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு சேர்ந்திருந்தது.

"நான் செய்தது அது இல்லையே" என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒதுங்கவில்லை. சக தாவரவியலாளர்களைத் திரட்டி ஜனாதிபதி ஜான்சனுக்கு எழுதினார். அந்த மருந்தால் எலிக்குட்டிகள் ஊனத்தோடு பிறப்பது தெரியவந்ததும், அரசின் அறிவியல் ஆலோசகரிடமே போய்ப் பேசினார். 1970-ல் ஏஜென்ட் ஆரஞ்சை நிறுத்தினார்கள். இலை ஏன் உதிர்கிறது என்று தெரிந்தவர் சொன்னதால்தான் அவர் பேச்சு எடுபட்டது என்று நான் நினைக்கிறேன். இத்தனைக்கும் அவர் வேலை போகவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவே இருந்தார்.

விலகத்தான் வேண்டும் என்ற நேரமும் வரும். ஜெர்மனியிடம் அணுகுண்டு இல்லை என்று தெரிந்ததும் 1944 கடைசியில் ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தை விட்டு வெளியேறினார். பிறகு மருத்துவ இயற்பியலுக்குப் போனார். 1995-ல் அமைதி நோபல் வந்தது.

உங்கள் மகள் இன்னும் அந்த இடத்தில் நிற்கவில்லை. அதனால் பிஎச்.டி. இடத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் கைடிடம் சில விஷயங்களைக் கேட்கட்டும். பணம் எங்கிருந்து வருகிறது? முடிவுகளை ஸ்பான்சரின் அனுமதி இல்லாமல் வெளியிடலாமா? ப்ரோகிராம் யாருக்குச் சொந்தம், பிறகு அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாமா? மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போதும். கேட்டதற்கே முகம் சுளிக்கிற கைடிடம் ஐந்து வருஷம் தள்ளுவது எப்படியும் கஷ்டம்.

பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆராய்ச்சி நெறிமுறை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒரு பாடம் வைத்திருக்கிறது, இரண்டு கிரெடிட். அடுத்தவர் எழுத்தைத் திருடாதே, தரவை மாற்றாதே என்பதற்கெல்லாம் அது உதவும். அவள் கேள்விக்கு அது மட்டும் போதாது.

சேர்ந்த பிறகும் அவள் கையில் நிறைய இருக்கிறது. ட்ரோன் எடுக்கும் படங்களில் களை எடுக்கிற பெண்கள் குனிந்து நிற்பார்கள். அந்தப் படங்களை முதல் நாளே நீக்கிவிடலாம். ஆளை அடையாளம் காண இந்தக் கேமராவுக்கு அவள் கற்றுத்தர வேண்டியதில்லை. வேறொருவர் கற்றுத்தரக்கூடும், உண்மைதான். அப்போது அது எப்படி நடந்தது என்று விளக்கிச் சொல்ல விஷயம் தெரிந்த ஒருத்தி வேண்டும்.

அந்தப் பெண்களைப் பற்றி இன்னொன்றும் தோன்றுகிறது. போருக்குப் போகாமலே இந்தக் கருவி அவர்களுடைய களையெடுப்புக் கூலியைத் தொடும். எனக்கு அதுதான் இன்னும் கிட்டத்துக் கவலை. வயலுக்குப் போகும்போது கேமராவை வைத்துவிட்டு அவர்களிடம் அரைமணி நேரம் பேசச் சொல்லுங்கள். ஆய்வேட்டில் அதற்கும் ஒரு அத்தியாயம் கேட்டு வாங்கலாம். நல்ல கைடு மறுக்க மாட்டார்.

மின்னஞ்சலை அவளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் இங்கேதான் இருப்பேன். தனியாக வந்தாலும் வரட்டும்.