நாலு தலைமுறை வீணையா, காதலா: எதை விடுவது?

“எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக வீணை. நான் காதலிப்பவர் வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு கச்சேரி கூடாது என்கிறார்கள். எதை விடுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாதஸ்வரக் குடும்பத்துப் பெண். இதே இடத்தில் நின்றவள்.

எனக்குக் குரு அப்பாதான். பத்து வயதில் சீவாளியை, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நுனியை, கையில் கொடுத்தார். கொறுக்கைத் தட்டையில் செய்வது அது. வாயில் வைத்து ஈரப்படுத்தினால்தான் பேசும். இருபத்து மூன்று வயதில் ஒருவரைக் காதலித்தேன். வேறு சாதி. அதைக்கூட இரண்டு வீட்டிலும் ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். அவர் அம்மா கேட்டது ஒன்றுதான்: “கோயில் வாசல்ல நின்னு வாசிக்கிறது மட்டும் வேணாம்மா.” கொஞ்ச நாள்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சரி சொல்லிவிட்டேன்.

நாலு வருஷம் நாதஸ்வரத்தைத் தொடவில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது சாமி புறப்பாட்டில் அப்பா என்னையும் பக்கத்தில் நிறுத்தினார். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கென்றே வாசிப்பது. மேல் ஷட்ஜத்துக்கு, மேலே இருக்கும் ‘ஸ’வுக்கு, போனேன். உதட்டோரம் காற்று கசிந்தது, சுரம் நிற்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் விட்ட இடத்திலிருந்து எடுத்து அவரே முடித்தார்.

வித்தை மனசில் இருக்கிறது, எங்கே போய்விடும் என்பார்கள். நம்பாதீர்கள். எனக்கு அது உதட்டிலும் மூச்சிலும் இருந்தது. உங்களுக்கு விரல் நுனிக் காய்ப்பில் இருக்கிறது.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர் கேட்டார்: “முன்னெல்லாம் காலையில எத்தனை மணிக்கு வாசிச்சு சாதகம் பண்ணுவ?” மறுவாரம் அவர் அம்மாவிடம் அவரே பேசினார். மூச்சு பழையபடி நிற்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்தக் கேள்வியைக் கல்யாணத்துக்கு முன்பே அவர் கேட்கும்படி நான் செய்திருக்க வேண்டும்.

யாராவது உங்களிடம் எம்.எஸ். சுப்புலட்சுமியைச் சொல்வார்கள். வீணை வாசித்த சண்முகவடிவின் மகள், 1936-இல் மதுரையில் அம்மா வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனவர், 1940-இல் சதாசிவத்தை மணந்தவர். உண்மைதான். ஆனால் அவருடைய கச்சேரிகளை முன்னின்று கவனித்தவரே சதாசிவம்தான். அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன் உங்கள் ஆளை ஒருநாள் விடியற்காலை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் சுருதி சேர்ப்பதிலிருந்து சாதகம் முடியும்வரை உட்கார்ந்திருக்கட்டும். அவர் அம்மாவையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.