சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்குமுன் என்னென்ன சோதித்துப் பார்க்க வேண்டும்?

"எப்படியும் வீவக அதிகாரி வந்து பார்ப்பாரே, அது போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அனுமதியில்லாமல் சுவரை இடித்திருக்கிறார்களா, எதையாவது மாற்றிக் கட்டியிருக்கிறார்களா என்பதுதான் அவருக்கு முக்கியம். குழாய் ஒழுகுகிறதா, ஏர்கான் சொட்டுகிறதா என்பதெல்லாம் வாங்குகிறவர் பாடு. அதையும் ஆப்ஷன் பணம் (வீட்டை உங்களுக்காக ஒதுக்கிவைக்க விற்பவருக்குத் தரும் முன்பணம்) கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும். ஆப்ஷன் பணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி, முடிவெடுக்க 21 நாள். அதற்குள் விலகினால் அந்தப் பணம் திரும்பாது.

முதலில் கழிவறைக் கூரையைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதில்தான் நேரம் செலவிட வேண்டும். பழுப்புக் கறை, பெயிண்ட் உப்பியிருப்பது, ஓரிடத்தில் மட்டும் புது பெயிண்ட் அடித்திருப்பது மூன்றும் கசிவின் அடையாளங்கள். பொய்க்கூரை போட்டிருந்தால் அதன் சிறு கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்வீட்டுத் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்துபோனால் தண்ணீர் இங்கே இறங்கும். அதைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருடைய பொறுப்பும்தான். வீவக உதவித் திட்டத்தில் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் பகிர வேண்டும். ஆனால் மேல்வீட்டார் கதவைத் திறந்துவிட்டால்தான் வேலையே தொடங்கும். பலரும் மறக்கும் ஒன்று: கீழ்வீட்டுக் கதவையும் தட்டி, அவர்கள் கூரையில் கசிவு உண்டா என்று கேளுங்கள். வீட்டை வாங்கியபின் அவர்களுக்கு நீங்கள்தான் மேல்வீட்டார்.

பழைய வீடுகளில் கான்கிரீட் பெயர்வதும் உண்டு. காற்றும் ஈரமும் உள்ளே இறங்க இறங்க, கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறையும். கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருக்கும் காரையைப் பிளந்து தள்ளும். கூரையில் நீளமான விரிசலோ உப்பலோ தெரிந்தால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். பழைய வீவக வீடுகளைப் பழுதுபார்க்கும் அரசாங்கத்தின் இல்ல மேம்பாட்டுத் திட்டம் புளோக்கில் நடந்திருந்தால் இந்தப் பழுதைச் சரிசெய்திருப்பார்கள். கழிவறையைப் புதுப்பிப்பதோ அவரவர் விருப்பம், இந்த வீட்டில் செய்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிவறைத் தரையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மூலையில் தேங்காமல் வடிய வேண்டும். சமையலறைத் தொட்டியை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியிலுள்ள குழாய் இணைப்பில் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். தரைக்கல்லை நாணயத்தால் தட்டினால் பொக்கென்று கேட்கும் இடம் பின்னாளில் மேலெழக்கூடும். வைனில் தரை போட்டிருந்தால் இந்தச் சோதனை பயன்படாது, அடியில் பழைய கல் இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மின்பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது கட்டாயம் என்பது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விதி. விற்பவரிடம் சொல்லிவிட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.

கதவுபோல வெளியே திறக்கும் ஜன்னல்களில் துருப்பிடிக்காத எஃகு ரிவெட் (பொருத்தாணி) இருக்க வேண்டும், 2004 முதல் இது கட்டாயம். அலுமினிய ரிவெட் அரித்துப்போனால் ஜன்னல் கழன்று விழும், கீழே நடப்பவர் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள். ஏர்கானை வந்ததுமே போட்டுவிட்டு, கிளம்பும்போது சொட்டுகிறதா என்று பாருங்கள்.

ஈரமானியும் வெப்பக் கேமராவும் கொண்டு சோதிக்கும் தனியார் நிறுவனங்கள் உண்டு. கூரை கச்சிதமாக மூடப்பட்ட பழைய வீட்டுக்கும், தனி நிலத்தில் கட்டிய தரைவீட்டுக்கும் அந்தச் செலவு தகும். பெரிதாக எதுவும் மறைக்கப்படாத மூவறை வீட்டுக்கு மேலே சொன்னவை போதும் என்பது என் கருத்து.

சாவி வாங்குமுன் இன்னொரு முறை போங்கள். அலமாரியும் சோபாவும் இருந்த இடத்தில் அப்போதுதான் சுவரும் தரையும் தெரியும். சரிசெய்து தருவதாக விற்பவர் சொன்னதை முன்பே எழுத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.