வயது முதிர்ந்த ராக் இசைக்குழுக்கள் சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

எழுபது வயதைக் கடந்த ராக் இசைக்கலைஞர்கள் இன்னும் நாடு நாடாகச் சென்று மேடையேறுவது சரிதானா, பெயர் கெடுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது நல்லதல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டியதில்லை என்பது என் பதில். ஆனால் நான் அந்த முடிவுக்கு வந்த வழியையும், எதிர்த்தரப்போடு நான் உடன்படும் இடங்களையும் சொன்னால்தான் அந்தப் பதிலுக்குப் பொருள் இருக்கும்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிய பிறகு எண்ணெய் ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, இன்றுவரை அங்கேயே வேலை செய்கிறேன். ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் குழு 1984இல் வெளியிட்ட தொகுப்பின் கேசட் எங்கள் ஊர் பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது இருக்கும். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவின் ஒரு நாள் கூலியில் ஏறக்குறையப் பாதி அதன் விலை. லயத்து வீடுகளுக்கு ஜெனரேட்டரிலிருந்து வந்த மின்சாரம் இரவில் நின்றுவிடும் என்பதால் பேட்டரியில்தான் கேட்போம். தீர்ந்த பேட்டரிகளைப் பகலில் வெயிலில் காயவைத்து, அன்றிரவு இன்னும் இரண்டு பாடல்களாவது கேட்க முடியுமா என்று முயல்வோம். பாடகர் கிளாவுஸ் மைனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. இன்று எல்லோரும் "அவருடைய உச்சம்" என்று சொல்லும் காலம் அதுதான்.

அந்த உச்சத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் வழியில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அரங்குகள் நிரம்பிய ஆண்டுகளில், எங்களைப் போன்றவர்களிடம் கோலாலம்பூருக்குப் பேருந்துக் கட்டணம்கூட இருந்ததில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, பிள்ளைகள் படித்து முடித்து, ஒரு நிகழ்ச்சிக்காக இரண்டு நாள் விடுப்பு எடுக்கலாம் என்ற நிலைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, அந்தக் கலைஞர்களுக்கும் வயதாகிவிட்டிருந்தது. உச்சத்திலேயே நிறுத்திவிடுங்கள் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த உச்சத்தை முன்வரிசையில் நின்று பார்த்தவர்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் தங்கள் நினைவைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புகிறார்கள், அது இயல்புதான். ஆனால் எங்களுக்குக் காப்பாற்ற வேண்டிய நினைவு எதுவும் இன்னும் கிடைக்கவே இல்லை.

ஆலைக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில் இதைப் பற்றி எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர், டீப் பர்ப்பிள் குழுவின் தீவிர ரசிகர். "அண்ணே, அந்தக் குரல மனசுல அப்படியே வச்சுக்கணும்ணே. இப்பப் போயி பாத்தா, உள்ளதும் போயிடும்" என்பார். அவர் சொல்லும் வலுவான காரணம் ஒன்று உண்டு. ராக் என்பது இளமையின் கோபமும் வேகமும் சேர்ந்த இசை, உடம்பால் பாடப்படுவது. அந்த உடம்பு தளர்ந்த பிறகு எஞ்சுவது அதன் நிழல்தான் என்கிறார்.

இதை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆயினும் நம் மரபில் இப்படி ஒரு கேள்வி எழுவதே இல்லை என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதைக் கடந்தும் கச்சேரி செய்தார். கேட்க வந்தவர்கள் அந்தக் குரலில் என்ன குறைந்தது என்பதை அறிந்தே வந்து உட்கார்ந்தார்கள். இளையராஜா 1943ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தவர், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர் அதே ஆண்டு ஜூலையில் பிறந்தவர். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது நாம் அனைவரும் பெருமைப்பட்டோம். அதற்கு முந்தைய ஆண்டு ஜாகர் எண்பது வயதில் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் சென்றபோது மட்டும், இவருக்கு இன்னும் போதவில்லையா என்று கேட்டவர்களும் நம்மில்தான் இருந்தார்கள். கச்சேரி உட்கார்ந்து செய்வது, ராக் அப்படி இல்லை என்று நண்பர் மறுத்தார். அந்த வேறுபாடு உண்மைதான்.

ஆனால் உடல் குறையோடு ராக் வாசிக்க முடியாது என்ற வாதம், அந்த இசையின் தொடக்கத்திலேயே பொய்த்துப்போனது. பிளாக் சபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அது அவர் அங்கே வேலை செய்த கடைசி நாள். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கம்பிகளை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே விரல்நுனி உறைகள் செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி வாசித்தார். பிறகு, 1971இல் வந்த மூன்றாவது தொகுப்பில், கம்பிகளின் இறுக்கம் குறைந்து விரலுக்கு எளிதாக இருக்கும்படி சுருதியையே இறக்கினார். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். அந்தக் கனத்த ஒலிதான் அதன் பின் வந்த ஹெவி மெட்டல் குழுக்களுக்கெல்லாம் முன்மாதிரி ஆயிற்று. ஆலையில் விரலை இழந்து, மறுபடியும் ஸ்பேனரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எனவே உடம்புக்கு ஏற்றபடி வாசிப்பை மாற்றிக்கொள்வதை வீழ்ச்சி என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

முதுமையிலும் இதே வேலைதான் நடக்கிறது. வயது ஏற ஏறக் குரல்நாண்களின் நெகிழ்ச்சி குறைகிறது, தசை மெலிகிறது. உச்சத் தொனியைத் தொட அந்த நாண்கள் நீண்டு விறைக்க வேண்டும் என்பதால் முதலில் போவது மேல்ஸ்தாயிதான். அதோடு, ஓர் இரவு பாடிய களைப்பு தீர அதிக நாள் பிடிக்கிறது. டீப் பர்ப்பிளின் இயன் கில்லன் தம் இருபத்து நான்காம் வயதில் பதிவு செய்து 1970இல் வெளிவந்த 'சைல்ட் இன் டைம்' பாடலின் அலறலை இன்று எழுப்ப முடியாது என்பதால், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை மேடையில் பாடுவதில்லை. அந்தப் பாடலுக்காகவே அவர்களைப் பார்க்க விரும்பிய என் நண்பருக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. ஆனால் முடியாததை முடியாது என்று ஒதுக்கிவிட்டு முடிந்ததை முழுதாகக் கொடுப்பதைத்தான் நான் ஒரு கலைஞரிடம் எதிர்பார்க்கிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் தம் விரல் மூட்டுவாதம் வாசிப்பு முறையையே மாற்றிவிட்டதாகவும், பழைய வழி அடைபட்டால் கிட்டாரே வேறொரு வழியைக் காட்டுவதாகவும் 2023இல் சொன்னார்.

உடம்பு முற்றிலும் மறுக்கும்போது அவர்களே நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதையும் நாம் பார்க்கிறோம். ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில் மேடையில் தொண்டையில் காயம் ஏற்பட்டது. குரல் முழுமையாகத் திரும்பாது என்று தெரிந்ததும், 2024 ஆகஸ்டில் அந்தக் குழு சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தது. ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன், செவித்திறனை முற்றிலும் இழக்க நேரும் என்ற மருத்துவ எச்சரிக்கையால் 2016இல் பாதியில் விலகி, பின்னர் அதற்குத் தீர்வு கண்டு திரும்பி வந்தார். ஸ்கார்ப்பியன்ஸின் கிளாவுஸ் மைனும் 1981இல் குரலை இழந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, விலகிக்கொள்ளவும் முன்வந்தார். குழுவினர் வேறு ஆளைத் தேடாமல் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் அன்று காத்திருக்காவிட்டால் எனக்கு அந்தக் கேசட்டே கிடைத்திருக்காது.

2025 ஜூலை 5ஆம் நாள் நடந்ததை இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லோரும் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் விளையாட்டரங்கில் பிளாக் சபத் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியாத அதன் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் அரியணை போன்ற ஒரு நாற்காலியில் அமர்ந்து பாடினார். முதலில் தம் தனிப் பாடல்களையும், பிறகு தம் பழைய நண்பர்களோடு நான்கு பாடல்களையும் பாடினார். பதினேழு நாள்கள் கழித்து, எழுபத்தாறு வயதில் இறந்துபோனார். அதே நாளில் ஹனோவர் நகரில் ஸ்கார்ப்பியன்ஸ் தம் அறுபதாம் ஆண்டைச் சொந்த ஊர் மக்களோடு கொண்டாடியது. மைனுக்கு அப்போது எழுபத்தேழு வயது. ஒரு குழு விடைபெற்றது, இன்னொன்று தொடர்ந்தது. நண்பரும் நானும் மறுநாள் ஒட்டுக்கடையில் ஒரே கைத்தொலைபேசியில் இரண்டு ஊர்க் காட்சிகளையும் பார்த்தோம். ஓஸியின் குரல் பல இடங்களில் தடுமாறியது. நாற்காலியிலிருந்து எழ அவர் உடம்பு முயல்வதும் முடியாமல் போவதும் தெரிந்தது. நிறுத்த வேண்டும் என்றே எப்போதும் வாதாடும் என் நண்பர் தே தாரிக் தேநீரை ஆறவிட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சி நடந்திருக்கக் கூடாது என்று அவர் இன்றுவரை சொன்னதில்லை.

எனக்கு உடன்பாடில்லாதது ஏமாற்றுதான். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய குழுவின் நிகழ்ச்சிக்கு, பல மாதங்கள் பணம் சேர்த்துத் தலைநகருக்குப் போனேன். மூன்றாவது பாடலில் பாடகர் ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுத்த பிறகும் உச்சத் தொனி அரங்கம் முழுவதும் ஒலித்துக்கொண்டே இருந்தது. முன்பே பதிவு செய்த குரல் அது. அவர் சுருதியை இறக்கிப் பாடியிருந்தாலோ, அந்த இடத்தை எங்களிடம் விட்டிருந்தாலோ, நாங்கள் தொண்டை வறளப் பாடிக் கொடுத்திருப்போம். நாற்பது ஆண்டுகளாக அந்த வரியைப் பாடிப் பழகியவர்கள்தாமே வந்திருந்தோம்! கேசட்டில் கேட்டதையே மறுபடி கேட்பதற்காக நான் அவ்வளவு தூரம் போகவில்லை. முதுமையை மறைப்பதற்காக ரசிகனிடம் பொய்யான குரலை விற்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இரண்டாவது ஏமாற்று, பொய்யான விடைபெறுதல். இதில் நான் நேசிக்கும் குழுவையே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கார்ப்பியன்ஸ் 2010 ஜனவரியில் ஓய்வை அறிவித்து, விடைபெறும் சுற்றுப்பயணம் நடத்தி, பிறகு மனம் மாறித் தொடர்ந்தார்கள். அவர்கள் தொடர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனாலும் இதுதான் கடைசி வாய்ப்பு என்று நம்பிக் கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவர்களை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. விடைபெறுகிறோம் என்று சொல்லாமலே, முடியும்வரை வருவோம் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை விடைபெற்றுத் திரும்பி வந்த கிஸ் குழு, இரண்டாவது முறை சுற்றுப்பயணங்களை உண்மையாகவே முடித்துக்கொண்டது. ஆனால் 2023 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த அந்தக் கடைசி நிகழ்ச்சியின் முடிவில், இனித் தங்களுக்குப் பதிலாக வரப்போகும் கணினி உருவங்களை மேடையில் காட்டியது. முதுமை தெரியாத அந்த உருவங்களைவிட, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓஸி எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

உறுப்பினர்கள் இறந்த பிறகும் தொடரலாமா என்று சிலர் சேர்த்துக் கேட்கிறார்கள். பினாங்கின் அலிகேட்ஸ் குழுவை மலேசியத் தமிழர்கள் மறக்க மாட்டோம். லோகநாதன் ஆறுமுகம் 2007இல் புற்றுநோயால் மறைந்த பிறகு, அவருடைய அண்ணன் டேவிட் அதே பெயரில் தொடர்ந்து பாடினார். ஒரு குரல் குறைந்துவிட்டது என்பது கேட்ட எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் மறைக்கவும் இல்லை. அது போதும் என்பது என் எண்ணம். மேடையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிட்டால், வருவதும் வராததும் ரசிகனின் விருப்பம்.

ஆகவே, நிகழ்ச்சிகளைக் குறைக்கட்டும், இடையில் ஓய்வு நாள்களைக் கூட்டட்டும், சுருதியை இறக்கட்டும், உட்கார்ந்தே பாடட்டும். பார்க்கப் பிடிக்காதவர்கள் வீட்டில் பழைய பதிவைக் கேட்கலாம். அதில் ஒரு சுரமும் குறைந்துவிடவில்லை. சுங்கை சிப்புட் நிலையத்தில் இப்போது மின்சார ரயில் நிற்கிறது, சில மணி நேரத்தில் கோலாலம்பூருக்குப் போய்விடலாம். ஸ்கார்ப்பியன்ஸ் இனி ஒருமுறை இந்தப் பக்கம் வந்தால் இரண்டு டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நண்பரும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார், திரும்பும் ரயிலில் பழைய பதிவைப் போட்டு ஒப்பிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.