பழைய கார்புரேட்டர் மாருதி 800: இன்ஜின் பகுதியில் தண்ணீர் அடிக்கலாமா?

அடிக்கலாம், சர்வீஸ் சென்டர் பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம். வயர் உறைகள் இறுகி வெடித்திருக்கும். அழுத்தத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். சூட்டோடும் கழுவாதீர்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினின் புகையை வெளியேற்றும் குழாய்ப் பகுதி) விரிசல் விடலாம். கைவைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்), இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் நான்கையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். தண்ணீரில் கரையும் டிகிரீசரை (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கியை) அடித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, தோட்டக் குழாயின் மெல்லிய நீரில் அலசினால் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம்; ரப்பர் ஹோஸ்கள் உப்பும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

பைகளைக் கழற்றி, பானட்டைத் திறந்தே வைத்து நன்றாக உலரவிடுங்கள். பேட்டரி முனையை மாட்டிய பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டாலோ திணறினாலோ, பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம்தான். கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள்; ஸ்பார்க் பிளக் குழிகளையும் பாருங்கள்.