அழுகாத சரக்கு, வீணாகாத டீசல்: வாசகர் கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாரும் சுற்றுச்சூழலில் தொடங்கிச் செலவில் வந்து நிற்கிறார்கள். சரிதான். அழுகிப்போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் தண்ணீர், உரம், டீசல், ஆள்கூலி எல்லாம் ஏற்கெனவே செலவானவைதானே.

ராயக்கோட்டையில் இருந்து கோயம்பேட்டுக்குத் தக்காளி அனுப்புகிறேன். போய்ச் சேரும்போது அடியில் உள்ள கிரேடுகளில் (பெட்டிகளில்) பழமெல்லாம் நசுங்கிச் சாறு வடிகிறது. குளிர்சாதன வண்டி வாங்கலாமா?
(தக்காளி வியாபாரி, ராயக்கோட்டை)

இப்போதைக்கு வேண்டாம். சாறு வடியும் கிரேடு ஒன்றைக் கீழே கொட்டிப் பாருங்கள். பல பழங்களில் சின்னத் துளை இருக்கும். பக்கத்துப் பழத்தின் காம்பு குத்திய இடம் அது. பறிக்கும்போதே காம்பைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது, விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பும் பழக்கம். மேலே அடுக்குகிற கிரேடின் பாரம் கீழ்க் கிரேடின் சுவரில் இறங்க வேண்டும். குவித்தால் பழத்தின் மேல் இறங்கும். விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழேயே நிறுத்துங்கள். சரக்கு குறைவாக ஏறுகிறதே என்று முதலில் மனசு கேட்காது. நசுங்கியதைக் கழித்துக் கணக்குப் போட்டால் தெளிந்துவிடும்.

சென்னைக்குப் போவதைச் செங்காயாகப் பறியுங்கள். வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் ஆறவிட்டு, இரவில் வண்டி ஏற்றுங்கள். சூட்டோடு ஏற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வெந்துவிடும். இத்தனையும் செய்து சேதம் குறையவில்லை என்றால் குளிர்வண்டியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் 12, 13 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள். 10 டிகிரிக்கும் குறைந்த குளிரில் நாள்கணக்கில் கிடந்த செங்காய் ஒழுங்காகப் பழுக்காது, ருசியும் இருக்காது.

பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து தருகிறோம். எட்டு மெஷின்தான். திடீரென்று கார்பன் கணக்கு கேட்கிறார்கள். ஆலோசகர் வைக்க வேண்டுமா?
(பட்டறை உரிமையாளர், ஓசூர்)

முதல் கணக்குக்குத் தேவையில்லை. ஓராண்டு கரண்ட் பில், டீசல் பில் இரண்டும் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு. மின்சாரத்துக்கு, நாட்டு மின்தொகுப்பின் சராசரிப்படி யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. மாதம் 10,000 யூனிட் ஓடினால் 7 டன். இந்தச் சராசரியை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. பில்லில் உள்ள லிட்டரையும் யூனிட்டையும் இந்த அளவுகளால் பெருக்கி, வந்த விடையையும் பில் நகல்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

அவர்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி சுற்றுச்சூழல் அறிக்கை தந்தாக வேண்டும். உங்கள் போல்ட், நட்டு ஐரோப்பாவுக்குப் போனால் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி (பொருளைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவுக்காக இறக்குமதியில் வசூலிப்பது) 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. எஃகு போல்ட்டும் அதில் அடங்கும்.

கணக்கோடு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் காற்றை எடுக்காதபோதும் அது லோடு எடுத்தால் (மறுபடி மறுபடி காற்றை அடைத்தால்), அவ்வளவும் கசிவு. ஜாயின்ட்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். பராமரிப்பு இல்லாத பட்டறையில் 20 முதல் 30 சதவீதக் காற்று இப்படிப் போவது சாதாரணம். காற்றழுத்தத்தை 1 பார் குறைத்தாலே கம்ப்ரஸர் தின்னும் மின்சாரத்தில் சுமார் 7 சதவீதம் மிஞ்சும். எந்த மெஷினுக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்த்துக் குறையுங்கள்.

பெங்களூரில் சரக்கு இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்புகிறது. மின்வண்டிக்கு மாறலாமா?
(லாரி உரிமையாளர், தருமபுரி)

மின்வண்டியும் காலியாகத்தானே திரும்பும்? முதலில் திரும்பு லோடு பிடியுங்கள். சுமார் 130 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் காலி நடைக்கே 26 லிட்டர் டீசல், 70 கிலோ கரியமில வாயு. பெங்களூரில் கொள்முதல் செய்யும் மளிகை, ஹார்டுவேர் கடைக்காரர்களிடம் பேசி வாரத்தில் இன்ன நாள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பாதி வாடகை கிடைத்தாலும் லாபம்தான். சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) மறக்க வேண்டாம்.

மாங்கூழ் ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன். சீசனில் வண்டிகள் வாசலில் வரிசையாகக் காத்து நிற்கின்றன. கழிவும் மலையாகக் குவிகிறது.
(கிருஷ்ணகிரி)

அந்த வரிசையில் வாடுவது விவசாயியின் காசு. எடை குறைகிறது, கனிந்து கசிகிறது, கடைசியில் அவருக்குத்தான் விலை வெட்டு. இது நியாயமில்லை. ஆலை ஒரு நாளைக்கு எவ்வளவு அரைக்குமோ அவ்வளவுக்கு மட்டும் முந்தைய நாளே நேரம் குறித்த டோக்கன் கொடுங்கள். டோக்கன் வந்த பிறகு காய் பறித்தால் போதும் என்று தோட்டத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கழிவில் தோலையும் கொட்டையையும் தொடக்கத்திலேயே பிரியுங்கள். தோலைச் சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றில் போட்டால் பாய்லருக்கு எரிவாயு கிடைக்கும். கொட்டைப் பருப்பின் கொழுப்புக்குச் சந்தை இருக்கிறது. ஐரோப்பாவில் சாக்லேட்டில் சேர்க்க அனுமதி பெற்ற ஆறு தாவரக் கொழுப்புகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஈரத்தோடு குவித்தால் பூஞ்சை பிடித்துவிடும், உடனே காயவைக்க வேண்டும்.

சாமை அரிசியை பிளாஸ்டிக்கை விட்டுக் காகிதப் பையில் விற்கலாமா?
(பெண்கள் சுயஉதவிக் குழு, அரூர்)

அவசரப்படாதீர்கள். உமி நீக்கிய சாமை காற்றும் ஈரமும் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அப்படிக் கெட்டால் பையோடு தானியமும் குப்பைக்குப் போகும். இருப்பை உமியோடு சாக்கில் வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் குத்திக் கொடுங்கள். சில்லறைக்குப் பல அடுக்குப் பளபளப்புக் கவரை விட்டு, மறுசுழற்சிக்குப் போகும் ஒரே வகை பாலித்தீன் பை. பக்கத்து ஊர் வாடிக்கையாளருக்குத் தூக்கில் அளந்து கொடுத்தால் பையே வேண்டாம்.